முன்பல்லும் கடைவாய்ப்பல்லும்

ஆங்கிலச் செய்தித்தாள்களைப் படிப்போர் 'மேய்ஹெம்' என்னும் சொல்லை அடிக்கடி காண்பர். பந்தாட்டம் முடிந்ததும் தோற்ற கட்சியைச் சார்ந்தோர் ஆடுகளத்துள் புகுந்து இருக்கைகளை உடைத்தெறிந்தனர் என்றால், அங்கே இச்சொல் வரும். வெறிகொண்ட கூட்டம் கடைத்தெருவைச் சூறையாடிற்று என்றாலும் வரும். விடுமுறை நாளில் வீடு நிறையச் சிறுவர் கூடிக் கொட்டம் அடித்ததை நகைச்சுவையாக எழுதுவோரும் இதனையே எடுத்தாளுவர். நாம் தமிழில் அமளி என்றும், கலவரம் என்றும், களேபரம் என்றும் கூறுவனவற்றையெல்லாம் இவ்வொரு சொல் சுமந்து நிற்கின்றது.

ஆனால் எழுநூறு ஆண்டுகட்கு முன்னர் இங்கிலாந்து நாட்டு நீதிபதி ஒருவரிடம் சென்று, 'ஊரெங்கும் மேய்ஹெம் நிகழ்கின்றது' என்று ஒருவர் முறையிட்டிருப்பின், அந்நீதிபதி திகைத்திருப்பார். 'யாருடைய கை போயிற்று? யாருடைய கண் போயிற்று? அவனை இங்கே அழைத்து வா. நான் பார்க்க வேண்டும்' என்றே சொல்லியிருப்பார். ஏனெனில் அந்நாளில் இச்சொல் கூட்டத்தைக் குறிக்கவில்லை, கூச்சலையும் குறிக்கவில்லை. தனி மனிதன் ஒருவனுடைய உடம்பில் நேர்ந்த ஒருவகைக் குறையை மட்டுமே குறித்தது. அவ்வுடம்பை அளந்த அளவுகோலோ நாம் எதிர்பாராத ஒன்று.

கி. பி. 1066-ஆம் ஆண்டில் நார்மண்டி நாட்டு வில்லியம் கடல் கடந்து வந்து இங்கிலாந்தை வென்றான். வென்றவர்கள் பேசியது பிரெஞ்சு மொழியின் ஒரு கிளை. உழவும் மேய்ச்சலும் ஆங்கிலத்திலே நடந்தன. அரண்மனையும் நீதிமன்றமும் மெல்ல மெல்லப் பிரெஞ்சு மொழிக்கு மாறின. வழக்காடுவோர் பேச்சு ஆங்கிலத்தில் அமைதல் வேண்டும் என்று 1362-ஆம் ஆண்டில் சட்டம் செய்த பின்னரும், சட்ட அறிஞர்கள் தம் குறிப்புகளைப் பிரெஞ்சிலேயே எழுதி வந்தனர். நீதிமன்ற ஏடுகள் அனைத்தும் ஆங்கிலத்திலேயே இருத்தல் வேண்டும் என்னும் ஆணை முழுமையாக நடைமுறைக்கு வந்தது 1733-இல்தான். வழக்குக்கு வந்து நிற்கும் குடியானவனுக்குத் தன் வழக்கு எந்த மொழியில் நடக்கின்றது என்பதே விளங்காத காலம் அது.

அந்தச் சட்டப் பிரெஞ்சில் பிறந்தது 'மேய்ஹெம்'. பழைய பிரெஞ்சு மொழியில் காயம், ஊறு, தீங்கு என்று பொருள்படும் ஒரு சொல் இருந்தது. காயப்படுத்துதல், உறுப்பைச் சிதைத்தல் என்னும் பொருளுடைய வினைச்சொல்லும் அதனோடு உறவுடையதாய் இருந்தது. வினைச்சொல் மக்கள் வாயில் தேய்ந்து, ஆங்கிலத்தில் 'மேய்ம்' என்றாயிற்று. முடமாக்குதல் என்பது அதன் பொருள். பெயர்ச்சொல்லோ வழக்கறிஞர் வாயிலும் ஏட்டிலும் மட்டும் வழங்கியமையால் அவ்வளவாகத் தேயாமல் 'மேய்ஹெம்' என்றே நின்றது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவருள் ஒருவன் தெருவிலும் மற்றவன் நீதிமன்றத்திலும் வளர்ந்தது போன்றது இது. ஆங்கில நூல்களில் இச்சொல் பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து காணப்படுகின்றது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. 'மேய்ஹெம்' என்பதன் முதலெழுத்தைக் கேட்டதும், உடம்பைக் குறிக்கும் 'மெய்' என்னும் நம் தமிழ்ச் சொல் சிலர்க்கு நினைவு வரலாம். 'உடம்பைப் பற்றிய சொல் ஆயிற்றே, தமிழிலிருந்து போயிருக்குமோ?' என்று எண்ணி மகிழவும் கூடும். அம்மகிழ்ச்சிக்கு இடமில்லை. ஒலி ஒன்றாயிருத்தல் உறவுக்குச் சான்று ஆகாது. எந்த நாட்டார் வாயிலிருந்து எந்த நாட்டார் செவிக்கு, எந்தக் காலத்தில், எந்த வழியாக ஒரு சொல் சென்றது என்று காட்டினால்தான் உறவு துணியப்படும். இச்சொல் வந்த வழியோ நார்மானியர் வந்த கடல்வழி.

இனி அதன் பழம்பொருளைக் காண்போம். ஒருவனை வன்முறையால் தாக்கி, போரில் தன்னைக் காத்துக்கொள்வதற்கோ பகைவனைத் தாக்குவதற்கோ பயன்படும் உறுப்பு ஒன்றனை அவன் இழக்கும்படி செய்வதே மேய்ஹெம் எனப்பட்டது. 'போரில்' என்னும் சொல்லைக் கருதுதல் வேண்டும். வலி எவ்வளவு என்று சட்டம் கேட்கவில்லை. அழகு கெட்டதா, பிழைப்புக் கெட்டதா என்றும் கேட்கவில்லை. 'இவன் இனி வாள் பிடிப்பானா, மாட்டானா?' என்னும் ஒரே கேள்வியையே கேட்டது.

பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த பிராக்டன் என்பவர் பெயரால் இலத்தீன் மொழியில் ஒரு பெரிய சட்ட நூல் வழங்குகின்றது. அந்நூலில் பற்களைப் பற்றி ஒரு நுட்பமான வேறுபாடு கூறப்பட்டுள்ளது. ஒருவன் மற்றொருவனுடைய முன்பற்களை உடைத்தால் அது மேய்ஹெம். கடைவாய்ப்பற்களை உடைத்தால் அன்று! காரணம், கைகலந்து போரிடும்போது முன்பற்களாற் கடித்துப் பகைவனை வெல்லலாம். கடைவாய்ப்பல் அதற்கு உதவாது என்பதே. அதனைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகின்றது. ஆயினும் கடைவாய்ப்பற்களை இழந்து, மென்று தின்ன வழியின்றி நின்ற ஓர் ஏழைக்கு அது சிரிப்பாக இருந்திராது.

ஐந்நூறு ஆண்டுகள் கழித்து வில்லியம் பிளாக்ஸ்டன் என்னும் அறிஞர் ஆங்கிலச் சட்டங்கள் அனைத்திற்கும் விளக்கவுரை எழுதினார். அதன் நான்காம் தொகுதி 1769-இல் வெளிவந்தது. அவரும் இந்தக் கணக்கையே காட்டுகின்றார். கையை வெட்டுதல், விரலை வலுவிழக்கச் செய்தல், கண்ணைக் குத்துதல், முன்பல்லை உடைத்தல் ஆகியன மேய்ஹெம். காதை அறுத்தலும் மூக்கை அறுத்தலும் அல்ல. அவை மனிதனை வலுவிழக்கச் செய்வதில்லை, விகாரப்படுத்துகின்றன என்பதே அவர் கூறும் காரணம். மூக்கறுபடுதல் என்றால் மானம் இழத்தல் என்று நம் மொழியிலும் பொருள் உண்டு. மானம் போவது அந்நாளைய ஆங்கிலச் சட்டத்தின் கணக்கில் சேரவில்லை.

இத்தகைய விந்தையான அளவுகோல் ஏன் ஏற்பட்டது? இரு காரணங்கள் உண்டு. அக்காலத்தில் வழக்குகள் சில, வாதியும் பிரதிவாதியும் நேருக்கு நேர் நின்று போரிடுவதனால் தீர்க்கப்பட்டன. வென்றவன் பக்கமே உண்மை என்று கொள்ளப்பட்டது. உறுப்பிழந்தவன் அப்படி நின்று போரிட இயலாது. ஆகவே, அவனுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. யார் உறுப்பிழந்தவன் என்று வரையறுக்க வேண்டியிருந்தது. (இந்தப் போர் முறை நெடுங்காலம் கையாளப்படாமலே கிடந்தது; ஆனால் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது 1819-இல்தான். அதற்குச் சற்று முன்னர், கொலைக் குற்றம் சாற்றப்பட்ட ஒருவன் நீதிமன்றத்தில் கையுறையைக் கழற்றி எறிந்து, 'போருக்கு வா' என்று அழைத்துத் தப்பித்துக்கொண்டான். அதன் பின்னரே பாராளுமன்றம் விழித்துக்கொண்டது.)

மற்றொரு காரணம் இன்னும் ஆழமானது. குடிமகனின் உடல் அவனுக்கு மட்டும் உரியதன்று. மன்னன் போருக்கு அழைக்கும்போது வந்து நிற்கக் கடமைப்பட்ட உடல் அது. ஆகவே, ஒருவன் கையை வெட்டியவன் அவனுக்கு மட்டும் தீங்கு செய்தவன் அல்லன். மன்னனுடைய படையில் ஒரு கையைக் குறைத்தவனும் ஆவான்.

இக்கருத்து எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு ஒரு வழக்கைக் கூறலாம். தலைமை நீதிபதியாய் விளங்கிய எட்வர்டு கோக் என்பார் இதனைத் தம் நூலில் குறித்துள்ளார். 1613-இல் லெஸ்டர் வட்டாரத்தில் உடல்வலி மிக்க இளைஞன் ஒருவன் இருந்தான். உழைத்து உண்ண அவனுக்கு மனமில்லை. கை இல்லாதவனாய் இருந்தால் இரந்து உண்ணலாம். யாரும் வேலை செய் என்று வற்புறுத்தார் என்று எண்ணினான். தன் தோழனை அழைத்துத் தன் இடக்கையை வெட்டச் சொன்னான், தோழனும் வெட்டினான். செய்தி வெளிப்பட்டது. வெட்டியவன் மட்டும் அல்லன், வெட்டுண்டவனும் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. இருவரும் தண்டம் செலுத்த நேர்ந்தது. 'என் கை, நானே வெட்டச் சொன்னேன்' என்னும் வாதம் அங்கே எடுபடவில்லை. அது அவன் கை மட்டும் அன்று என்பதே சட்டத்தின் மறுமொழி.

தண்டனையும் தொடக்கத்தில் கடுமையாகவே இருந்தது. கை எடுத்தவன் கை இழப்பான். கண் எடுத்தவன் கண் இழப்பான். பின்னர் இம்முறை வழக்கொழிந்தது. இரக்கத்தினால் மட்டும் ஒழிந்தது என்று எண்ணுதல் வேண்டா. ஏற்கெனவே ஒரு கை வெட்டியதற்காகக் கை இழந்தவன், மீண்டும் ஒருவன் கையை வெட்டினால் அவனை என் செய்வது என்னும் இடர்ப்பாட்டையும் பிளாக்ஸ்டன் எடுத்துக் காட்டுகின்றார். உறுப்புக்கு உறுப்பு என்னும் கணக்கு இரண்டாம் முறையே தீர்ந்துபோகின்றது! ஆகவே பிற்காலத்தில் சிறையும் தண்டப்பணமும் இழப்பீடும் வந்தன. நீதிபதிகள் காயத்தை நேரிற் பார்த்து, நடுவர் குழுவினர் விதித்த இழப்பீட்டை உயர்த்தும் உரிமையும் பெற்றிருந்தனர்.

இனி, மூக்கின் கதைக்கு வருவோம். ஆங்கிலச் சட்டம் மூக்கை மதிக்கத் தொடங்கியது ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் மூக்கினால்தான்.

இரண்டாம் சார்லஸ் மன்னர் காலத்தில், 1670-ஆம் ஆண்டின் இறுதியில், நாடக அரங்குகளுக்கு வரி விதிக்கலாமா என்று பாராளுமன்றத்தில் ஆராயப்பட்டது. மன்னர் சார்பினர், 'நடிப்போர் மன்னரின் பணியாளர்; மன்னரின் மகிழ்ச்சிக்கு உரியவர்' என்று கூறி வரியை எதிர்த்தனர். நடிகையர் சிலரிடம் மன்னர் கொண்டிருந்த பற்று அந்நாளில் நாடறிந்த செய்தி. சர் ஜான் கவன்ட்ரி என்னும் உறுப்பினர் எழுந்து, மன்னரின் மகிழ்ச்சி நடிகரிடத்திலா, நடிகையரிடத்திலா என்று வினவினார். அவையில் சிரிப்பு எழுந்திருக்கும். அரண்மனையில் சினம் எழுந்தது. டிசம்பர் 21 இரவு கவன்ட்ரி வீடு திரும்பும்போது, மன்னரின் மகனாகிய மன்மத் கோமகனின் காவற்படையைச் சேர்ந்தோர் அவரை வளைத்துக்கொண்டனர். அவர் தம் ஏவலாளன் கையிலிருந்த தீவட்டியை ஒரு கையிலும், வாளை மற்றொரு கையிலும் ஏந்திச் சுவரோரம் நின்று போரிட்டார். ஆயினும், பலர் சேர்ந்து அவரைக் கீழே தள்ளி, அவர் மூக்கை எலும்பு தெரியும்படி கிழித்தனர்.

பாராளுமன்றம் கொதித்தெழுந்தது. அவையில் பேசிய பேச்சுக்காக ஓர் உறுப்பினரின் முகம் கிழிக்கப்படுமாயின், நாளை யார் வாய் திறப்பார்? உறுப்பினர்கள் மீண்டும் கூடியபோது, இதற்கு ஒரு சட்டம் செய்யும்வரையில் வேறு அலுவலைத் தொடுவதில்லை என்று உறுதி பூண்டனர். பழைய முறைப்படி மூக்கைக் கிழித்தல் மேய்ஹெம் ஆகாது. ஏனெனில் மூக்கில்லாதவனும் வாள் பிடிப்பான். எனவே, புதிய சட்டம் பிறந்தது. பதுங்கியிருந்து, திட்டமிட்டு, ஒருவனை ஊனப்படுத்தும் அல்லது விகாரப்படுத்தும் கருத்துடன் அவன் நாக்கை அறுத்தாலோ, கண்ணைப் பறித்தாலோ, மூக்கைக் கிழித்தாலோ, மூக்கையோ உதட்டையோ அறுத்தாலோ, உறுப்பைச் சிதைத்தாலோ மரண தண்டனை என்று அது விதித்தது. மக்கள் அதனைக் கவன்ட்ரிச் சட்டம் என்றே வழங்கினர். போருக்கு உதவாத ஓர் உறுப்பு இச்சட்டத்தினால் மதிப்புப் பெற்றது.

இச்சட்டத்தின்கீழ் 1722-இல் நடந்த வழக்கு ஒன்று, சட்டம் பயில்வோர் பலர்க்கும் தெரிந்தது. சஃபோக் வட்டாரத்தைச் சேர்ந்த அரண்டல் கோக் என்பவர் ஒரு வழக்கறிஞர். (முற்கூறிய தலைமை நீதிபதி வேறு, இவர் வேறு.) தம் மைத்துனர் கிரிஸ்ப் என்பவரின் சொத்தின்மேல் இவருக்குக் கண் விழுந்தது. கூலியாள் ஒருவனை அமர்த்தி, விருந்துண்டு திரும்பும் மைத்துனரை இருள் சூழ்ந்த கல்லறைத் தோட்டத்தில் வெட்டச் செய்தார். வேலி கழிக்கும் வெட்டரிவாளால் முகத்திலே பலமுறை வெட்டுண்டும் கிரிஸ்ப் இறந்தாரில்லை. எழுந்து நடந்து, விருந்து நடந்த வீட்டிற்கே குருதி சொரியத் திரும்பி வந்தார்! மூக்கு கிழிந்திருந்தது. கவன்ட்ரிச் சட்டத்தின்படி வழக்குத் தொடரப்பட்டது.

வழக்கறிஞராகிய கோக், தமக்காகத் தாமே வாதிட்டார். அவர் வாதத்தைக் கேளுங்கள்: 'சட்டம் கூறுவது விகாரப்படுத்தும் கருத்து. எனக்கு அக்கருத்து இல்லை. என் கருத்து அவரைக் கொல்வதே.' அக்காலத்தில் கொலை செய்ய முயன்று தோற்றவனுக்கு மரண தண்டனை இல்லை. ஆகவே, பெரிய குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறிய தண்டனைக்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்தார். நடுவர் குழுவினர் இதற்கு மயங்கவில்லை. முகத்தில் வெட்டரிவாளை வீசியவன் முகத்தைச் சிதைக்கவும் கருதியவனே என்று கொண்டனர். கோக்கும் கூலியாளும் தூக்கிலிடப்பட்டனர். தீர்ப்பின் முடிவு சரியே என்று நம் நெஞ்சு கூறும். ஆனால் சட்டத்தின் அமைப்பு எவ்வளவு பழுதுபட்டிருந்தால் இப்படி ஒரு வாதம் எழ முடியும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். கவன்ட்ரிச் சட்டம் 1828-இல் நீக்கப்பட்டு, புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. பின்னர் 1861-இல் வந்த சட்டம் 'கடும் உடற்கேடு' என்னும் பொதுச் சொல்லை ஆண்டது. முன்பல் கடைவாய்ப்பல் என்னும் வழக்கு அந்நாட்டில் அதனோடு முடிந்தது எனலாம்.

நம் நாட்டிலும் இதன் தொடர்ச்சி ஒன்று உண்டு. மெக்காலேயின் தலைமையில் அமைந்த சட்ட ஆணைக்குழு 1837-இல் ஒரு தண்டனைச் சட்ட முன்வரைவை அளித்தது. பல திருத்தங்களுக்குப்பின் அது 1860-இல் இந்தியத் தண்டனைச் சட்டமாக நிறைவேறி, 1862 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. சட்டப் பிரெஞ்சின் பழஞ்சொற்களை வரைந்தோர் நாடவில்லை; 'காயம்', 'கொடுங்காயம்' என்று எளிய சொற்களால் பிரித்தனர். எது கொடுங்காயம் என்பதனை 320-ஆம் பிரிவு எட்டு வகையாக வரையறுத்தது. ஒரு கண்ணின் பார்வை போதல் கொடுங்காயம். ஒரு காதின் கேள்வி போதலும் கொடுங்காயம். உறுப்பு அல்லது மூட்டு ஒன்றை இழத்தல், அதன் ஆற்றல் என்றும் குன்றும்படி ஆதல் ஆகியனவும் அவ்வாறே. தலையோ முகமோ நிலையாக விகாரமடைதல் என்பதும் அதில் இடம்பெற்றது. கவன்ட்ரியின் மூக்கு அங்கே தன் இடத்தைக் கண்டது. எலும்பு முறிதலோடு பல் முறிதலும் சேர்க்கப்பட்டது. எந்தப் பல் என்று சட்டம் கேட்கவில்லை!

எட்டாவது வகைதான் நாம் நின்று நோக்கற்பாலது. உயிருக்கு ஊறு விளைக்கும் காயமும், இருபது நாள் கடும் வலியைத் தருவதும், இருபது நாள் ஒருவன் தன் வழக்கமான அலுவல்களைச் செய்ய இயலாமல் ஆக்குவதும் கொடுங்காயம் என்று அது கூறிற்று. வலி என்னும் சொல் இங்கே வந்துவிட்டது. அன்றாட அலுவலும் வந்துவிட்டது. வாள் பிடிக்கும் கை என்பது போய், தறி நெய்யும் கை, ஏர் பிடிக்கும் கை, மாவு பிசையும் கை, எழுதுகோல் பிடிக்கும் கை என்று ஆயிற்று. போருக்கே செல்லாத முதியோரின் உடம்பும், குழந்தையின் உடம்பும் அதே அளவுகோலால் அளக்கப்பட்டன. 2024 சூலை முதல் நாள் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதன் 116-ஆம் பிரிவில் எட்டு வகைகளும் நிலைத்துள்ளன. இருபது நாள் என்பது மட்டும் பதினைந்து நாள் ஆயிற்று.

சட்டத்தில் வேலை குறைந்த சொல் என்ன ஆகும்? பெரும்பாலும் ஏட்டில் தூங்கும். மேய்ஹெம் தூங்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், நீதிமன்றத்திற்கு வெளியே, வேண்டுமென்றே செய்யும் எந்த வன்முறையையும் அழிவையும் குறிக்க அதனைப் பயன்படுத்தலாயினர். ஒருவன் உடம்பில் நிகழ்ந்த சிதைவைக் குறித்த சொல், ஒரு கூட்டத்தின் ஒழுங்கு சிதைவதைக் குறிக்கத் தொடங்கியது. 'கை போயிற்று' என்பது மறைந்து, 'கட்டு போயிற்று' என்பது தோன்றியது. கேட்போர்க்குச் சொல்லின் பழம்பொருள் தெரியாமையே இதற்குத் துணை செய்தது என்று நான் கருதுகின்றேன். மேய்ம் என்பது நாள்தோறும் வழங்கியமையால் அதன் பொருள் பிறழவில்லை. மேய்ஹெம் என்பது அச்சந்தரும் ஒலியாக மட்டும் செவியில் விழுந்தமையால் எதற்கும் ஏற்றதாயிற்று.

இவ்வாறு திரிந்தது இச்சொல் மட்டும் அன்று. அழிவையும் சூறையையும் குறிக்க ஆங்கிலத்தில் 'ஹாவக்' என்றொரு சொல் உண்டு. முற்காலத்தில் அது படைத்தலைவன் எழுப்பும் ஒரு கூவல். அக்கூவலைக் கேட்டதும் வீரர்கள் அணிகுலைந்து கொள்ளையில் இறங்கலாம். வெற்றி உறுதியாகுமுன் யாரேனும் அதனைக் கூவிவிட்டால் படை சிதறிவிடும். ஆகவே, இரண்டாம் ரிச்சர்டு மன்னர் 1385-இல் வகுத்த படை விதிகளில், 'ஹாவக்' என்று கூவுபவன் தலை இழப்பான் என்று விதிக்கப்பட்டது. தலை போகும் அச்சொல்லை இன்று புயலுக்கும் எலிக்கும் எளிதாகச் சொல்லுகின்றார்கள். பயிரில் எலி 'ஹாவக்' செய்தது என்று எழுதினால் யாரும் வியப்பதில்லை.

நம் மொழியிலும் இதற்கு இணை காண வேண்டின் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. இப்பாடத்தின் தொடக்கத்தில் அமளி, கலவரம் என்பவற்றோடு 'களேபரம்' என்றொரு சொல்லையும் கூறினோம். இன்று 'வீடே களேபரமாய்க் கிடக்கின்றது' என்கிறோம். இது வடமொழியிலிருந்து வந்த சொல். அங்கே அதன் பொருள் உடம்பு என்பது. தமிழிலும் உடம்பு, உயிர் நீங்கிய உடம்பு என்னும் பொருள்களில் அது வழங்கியதுண்டு. உடம்பைக் குறித்த சொல் நம்மிடத்தில் கலவரத்தைக் குறிக்கலாயிற்று. உடம்பின் சிதைவைக் குறித்த சொல் ஆங்கிலேயரிடத்தில் கலவரத்தைக் குறிக்கலாயிற்று. ஒன்றை ஒன்று அறியாமல், கடல்களுக்கு இப்பாலும் அப்பாலும், இரு சொற்கள் ஒரே வழியில் நடந்திருக்கின்றன. கலவரம் ஓய்ந்த தெருவில் எஞ்சிக் கிடப்பது எது என்பதனை எண்ணினால், இவ்வழி அவ்வளவு வியப்பானதன்று.

மேய்ஹெம் பழைய பொருளோடு இன்னும் உயிர்வாழும் இடங்களும் சில உண்டு. இங்கிலாந்தினின்று சென்று குடியேறியோர் தம் சட்டங்களையும் உடன் கொண்டு சென்றனர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத் தண்டனைச் சட்டம் 1872-இல் தொகுக்கப்பட்டது. அதன் 203-ஆம் பிரிவு மேய்ஹெம் என்னும் குற்றத்தை வரையறுக்கின்றது. உறுப்பை இழக்கச் செய்தல், அதனைப் பயனற்றதாக்குதல், நாக்கை அறுத்தல், கண்ணைப் பறித்தல் என்று அது அடுக்கிச் சொல்கின்றது. அவ்வடுக்கின் இறுதியில், காதுக்கும் உதட்டுக்கும் முன்னால், 1670-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து இரவொன்றில் இலண்டன் தெருவிலே கிழிபட்ட மூக்கு இன்றும் இருக்கின்றது.